வேரோடு வந்த மண்

கோயில்காட்டிலிருந்து அந்தச் செடியைத் தோண்டிக்கொண்டு வந்தவள் நான்தான். இதை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது, கட்டவும் மாட்டேன்.

அப்போது எனக்கு முப்பது வயது. காரைக்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் விஞ்ஞான டீச்சர். குடியிருந்தது கோட்டையூரில். என் வீட்டுக்காரருக்கு மானாமதுரையில் ரயில்வே வேலை. சனிக்கிழமை வந்தால் திங்கட்கிழமை விடியுமுன் கிளம்பிவிடுவார். பிள்ளை குட்டி இல்லை. அதனால்தான் உனக்குச் செடி கொடி மேல் இத்தனை கிறுக்கு என்பார். கிறுக்குத்தான், யார் இல்லையென்றது.

ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் இரண்டு அறைகள் எங்களுக்கு. முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கிற வீடு. அவ்வளவு பெரிய வீட்டில் இருந்தது ஒரே ஆள், வீட்டுக்கார ஆச்சி. ஐம்பது வயது இருக்கும். அதிகம் பேசமாட்டார். பேசினால் எதிராளிக்கு அதற்கப்புறம் பேச ஒன்றும் மிச்சமிருக்காது. என்னைப்போல லொடலொடவென்று பேசுகிறவளை அவர் எப்படிச் சகித்தார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

ஆச்சிக்கு ஒரே மகன். பதினேழு வயதில் தகப்பனோடு பர்மாவுக்குப் போனவன். தகப்பன் அங்கேயே தவறிப்போனார். மகனிடமிருந்து சில வருடம் கடிதம் வந்தது, பிறகு அதுவும் நின்றது. அறுபதுகளின் நடுவில் பர்மாவிலிருந்து நம் ஆட்களையெல்லாம் கப்பல் கப்பலாக அனுப்பினார்களே, அப்போது ஒவ்வொரு கப்பலுக்கும் ஆச்சி மதராசுக்கு ஆள் அனுப்பிப் பார்த்தார். அவன் இறங்கவில்லை. இருக்கிறான் என்று சொல்லவும் ஆள் இல்லை, இல்லை என்று சொல்லவும் ஆள் இல்லை.

மகன் இல்லாத வீட்டில் பங்காளி வீட்டுப் பையன் ஒருவனைப் பிள்ளை கூட்டிக்கொள்வது, அதாவது தத்தெடுப்பது, அவர்கள் வழக்கம். கொழுந்தனார் ஒருவர் மாதம் தவறாமல் வந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கெட்டவர் இல்லை. வீடு விளக்கில்லாமல் போய்விடக்கூடாதே என்ற கவலைதான். ஆனால் பிள்ளை கூட்டிக்கொண்டால், பெற்ற மகன் செத்துவிட்டான் என்று ஆச்சியே தன் வாயால் ஊருக்குச் சொன்ன மாதிரி ஆகிவிடும். ஆச்சி அதற்கு மட்டும் இசையவில்லை.

இப்போது செடி. கோட்டையூரிலிருந்து இரண்டு மைல் நடந்தால் ஓர் ஐயனார் கோயில்காடு வரும். செம்மண்ணும் சரளையுமான பூமி. அங்கே வேர்விட்ட எதையும் யாரும் தொடமாட்டார்கள். காய்ந்த சுள்ளியைக்கூட அடுப்புக்குப் பொறுக்கமாட்டார்கள். வெளியில் ஆடு மேய்ந்து அழித்ததெல்லாம் அங்கே மட்டும் மிச்சமிருந்தது அதனால்தான். இந்தச் செடி இடுப்பு உயரம் இருக்கும். ஒரு காம்புக்கு மூன்று இலை. கிளையின் நுனி முள்ளாக முடியும். இலையைக் கசக்கினால் மாம்பிஞ்சு வாசனை. மிளகு அளவில் சிவந்த பழம். ஆடு மேய்க்கிறவர்கள் மூணிலை முள் என்று சொன்னார்கள். புத்தகத்தில் சுமாக் இனம் என்று போட்டிருந்தது. மா, முந்திரி, சேங்கொட்டை எல்லாம் இதற்குப் பங்காளிகள். மாவின் குடும்பத்தைப் பாடம் நடத்தும்போது பிள்ளைகள் கையில் கொடுக்க இது ஒன்று வேண்டும் என்று எனக்கு ஆசை. யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் விடமாட்டார்கள் என்று தெரிந்துதான் கேட்கவில்லை.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு விடுமுறை நாளில், உச்சிப்பொழுதாகப் பார்த்துப் போனேன். உச்சிப்பொழுதில் அந்தக் காட்டுக்குள் ஒரு ஆள் போகமாட்டார். காவல் தெய்வம் உலாவும் நேரம் என்பார்கள். எனக்கு அது வசதியாக இருந்தது. இரண்டு வரிசையாக மண்குதிரைகள் நின்றன, பழசும் புதுசுமாக. சிலதுக்குக் காது இல்லை, சிலதுக்குக் கால் இல்லை. மண்வெட்டியை முதல் போடு போட்டதும் அதுவரை கத்திக்கொண்டிருந்த சில்வண்டு அத்தனையும் ஒரே நேரத்தில் நின்றது. எனக்கு வியர்த்துவிட்டது. சத்தம் கேட்டால் பூச்சி அடங்கும், அவ்வளவுதான் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு, பழம் பிடித்திருந்த ஒரு சின்னச் செடியை வேரில் மண் உதிராமல் பெரிய உருண்டையாக எடுத்து, சாக்கில் கட்டித் தூக்கிவந்தேன்.

தோட்டத்தில் கிணற்றுக்குத் தள்ளிக் குழி வெட்டினேன். செம்மண்ணும் சரளையும் பாதிக்குப் பாதி. எரு போடவில்லை. வறண்ட காட்டுச் செடிக்குச் சொகுசு காட்டினால் செத்துப்போகும். பத்து நாளுக்கு ஒருமுறை ஒரு சொம்புத் தண்ணீர், அதுவும் தூரில் ஊற்றாமல் ஒரு முழம் தள்ளி. சுற்றிலும் கருவேல முள்ளை வெட்டி வேலி போட்டேன். நட்ட கையெல்லாம் தடித்து அரித்தது. எனக்கு மாங்காய்ப் பால் பட்டாலும் அப்படித்தான். ஆச்சி என் கையைப் பார்த்துவிட்டு, "எம்புள்ளைக்கும் இப்புடித்தான் டீச்சர். மாங்காப்பால் உதட்டுல பட்டுச்சுன்னா மூஞ்சியே வீங்கிரும். இந்த வீட்டு நெலையில மாவெலைகூடக் கட்டவிட்டதில்ல நானு" என்றார். மகனைப் பற்றி அவராக என்னிடம் பேசியது அன்றைக்குத்தான்.

கார்த்திகையில், கோயிலுக்குப் பூசை செய்கிற வேளார் ஆச்சியைப் பார்க்க வந்தார். குதிரை செய்கிறவரும் அவர்தான். தோட்டத்துப் பக்கம் வந்தவர் செடியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"டீச்சர், இது எங்குட்டுருந்து வந்துச்சு?"

"காட்டுல இருந்து."

"எந்தக் காட்டுல?"

நான் குனிந்து முள்வேலியைச் சரிசெய்தேன். அவர் உட்கார்ந்து தூர் மண்ணைக் கையால் தள்ளிப் பார்த்தார். "மண்ணோட எடுத்தீகளா, கழுவிட்டு எடுத்தீகளா?"

"மண்ணோடதான். மண்ணு இல்லாம எடுத்தா செடி பொழைக்காதுல்ல."

அவர் எழுந்து தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "அப்ப அவரு வந்துட்டாரு டீச்சர்" என்றார்.

எங்கள் பக்கத்தில் ஒரு சாமியைப் புதிய இடத்தில் வைப்பதென்றால், பழைய கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துவந்து வைப்பார்கள். பிடிமண் என்று பெயர். அந்த மண்ணோடு சாமியும் வந்துவிடும். அதற்குப் பூசை உண்டு, நாள் உண்டு, உத்தரவு கேட்பது உண்டு. நானோ பிடிமண் அல்ல, கூடை மண்ணே கொண்டுவந்திருந்தேன். எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அந்தச் சிரிப்பு ஆச்சியைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அவர் கொல்லைக் கதவில் சாய்ந்தபடி செடியையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ வருடம் யாரையோ எதிர்பார்த்து, வாசல் கதவு தட்டிய சத்தம் கேட்டவர் முகம் அது.

மறுநாளே தோட்டம் என் கையைவிட்டுப் போய்விட்டது. தெருப் பெண்கள் வந்தார்கள். செடிக்கு மஞ்சள் துணி சுற்றினார்கள். யாரோ ஒரு வெண்கல மணியைக் கட்டிவிட்டுப் போனார்கள். கட்டியது யாரென்று கடைசிவரை தெரியவில்லை. தெருவில் கேட்டால் ஒவ்வொருத்தியும் இன்னொருத்தியைக் காட்டினாள். காற்றே இல்லாத மத்தியானத்தில் அந்த மணி சில நாள் லேசாக அசையும். ஓணான் ஏறியிருக்கும் என்று போய்ப் பார்ப்பேன். ஓணான் இருக்காது. எங்கள் தெரு நாய் ஒன்று முன்பெல்லாம் தோட்டத்தில்தான் படுத்துக்கிடக்கும்; அது பின்வாசலோடு நின்றுகொண்டது. நான் எதற்கும் அசருகிற ஆள் இல்லை. இருந்தாலும் துணி உலர்த்த அங்குட்டுப் போகாமல் இங்குட்டே கொடியை மாற்றிக் கட்டிக்கொண்டேன்.

தை மாதம் பங்காளிகள் ஏழெட்டுப் பேர் கூடி வந்தார்கள். இந்தத் தடவை ஒரு முடிவு தெரியாமல் போவதில்லை என்ற தோரணை. கூட்டிக்கொள்வதற்கென்று பார்த்து வைத்திருந்த மூன்று வயதுப் பிள்ளையையும் அதன் தாய் மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். கொழுந்தனார்தான் பேச்சை எடுத்தார்.

"ஆச்சி, இன்னும் எத்தன வருசம் காத்திருப்பீக? உங்களுக்கப்பறம் இந்த வீட்டுல வெளக்கேத்த ஒரு ஆளு வேணாமா?"

ஆச்சி அவசரப்படவில்லை. "சாமி எந்தோட்டத்துல வந்து நிக்கிது. அது தழைச்சு நிக்கிற மட்டுக்கும் எம்புள்ள உசுரோட இருக்கான். அது பட்டுப்போச்சுன்னா நானே சொல்லி விடுறேன். அன்னைக்கிப் புள்ள கூட்டிக்கிறேன். இது சாமி மேல சத்தியம்" என்றார்.

சாமி மேல் சொன்ன சொல்லுக்கு எதிராக யார் பேசுவது. ஆச்சி என் பக்கம் திரும்பி, "செடிய டீச்சர் பாத்துக்கிருவாக" என்றார். ஒரு மனிதனின் உயிரை மூன்று அடிச் செடியில் கட்டி, அந்தச் செடியை என் கையில் கொடுத்துவிட்டார். சனிக்கிழமை வந்த வீட்டுக்காரரிடம் சொன்னேன். "கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்ல நீ" என்று சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போய்விட்டார்.

நான் பார்த்துக்கொண்டேன் என்று சொல்லத்தான் ஆசை. யார் விட்டார்கள். செவ்வாயும் வெள்ளியும் பால் ஊற்றினார்கள், மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள், இளநீர் ஊற்றினார்கள். அடிக்கடி சொன்னேன், கெஞ்சினேன், ஒரு நாள் சத்தமே போட்டேன். "பாலை ஊத்தாதீக, வேரு அழுகிப்போகும், இது தண்ணி கேக்காத செடி." ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்த்து, "சாமியவே பட்டினி போடச் சொல்றீகளே டீச்சர்" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவளை என்ன சொல்ல? தினம் காலையில் ஒரு சொம்புப் பசும்பாலை முதல் ஆளாக ஊற்றுவது ஆச்சி. கண்ணை மூடி, உதடு அசைய ஏதோ சொல்லிக்கொண்டு ஊற்றுவார். அதைப் போய் நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

பங்குனிக் கடைசியில் இலை மஞ்சளானது. சித்திரையில், ஆச்சி ஒரு கல்யாணத்துக்காகக் கண்டனூர் போய் மூன்று நாள் தங்கியிருந்தபோது, ஒரே நாளில் அத்தனை இலையும் கொட்டிவிட்டது. தண்டை நகத்தால் கீறிப் பார்த்தேன். பச்சை இல்லை. தூரைத் தோண்டிப் பார்த்தேன். வேர் கறுத்துக் கூழாகி, புளித்த பால் நாற்றம் அடித்தது. செத்துப்போய்ப் பல நாள் ஆகியிருக்க வேண்டும். இலை மட்டும் சும்மா ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது.

கிணற்று மேடையில் உட்கார்ந்து அழுதேன். ஆச்சி மறுநாள் சாயங்காலம் வந்துவிடுவார். வந்து பார்ப்பார். பார்த்தால் சொன்ன சொல்படி பங்காளிகளுக்குச் சொல்லி அனுப்புவார். பெற்ற பிள்ளை செத்துப்போனான் என்று அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு அந்த வீட்டில் எப்படி இருப்பது? அவருக்காகத்தான் செய்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் பாதிதான் நிஜம். என்னை நம்பிக் கொடுத்த செடி என் கையில் செத்தது என்று யாரும் சொல்லக்கூடாது என்ற ரோஷம் மீதிப் பாதி.

மறுநாள் பள்ளிக்கு லீவு சொல்லி அனுப்பிவிட்டு, மறுபடியும் உச்சிப்பொழுதில் கோயில்காட்டுக்குப் போனேன். சித்திரை வெயில். தரையிலிருந்து கானல் எழும்பி, குதிரைகளின் கால்கள் தண்ணீரில் நிற்பதுபோலத் தெரிந்தன. அதே உயரம், அதே சாய்வு உள்ள செடி ஒன்றைத் தேடிப் பிடித்துத் தோண்டினேன். இந்தத் தடவை சில்வண்டு நிற்கவில்லை. கத்திக்கொண்டே இருந்தது. நான் வந்ததே அதற்குத் தெரியாத மாதிரி. முதல் தடவை நின்றதைவிட இது எனக்கு அதிகப் பயமாக இருந்தது. முதுகில் யாரோ மூச்சு விடுவது மாதிரி இருந்து திரும்பிப் பார்த்தேன். மண்குதிரை. அதன் வயிற்றில் ஒரு பக்கம் ஈரம். அந்த வெயிலில், அவ்வளவு தூரத்துக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத இடத்தில், அந்த மண் ஈரமாக இருந்தது. தொட்டுப் பார்க்கவில்லை. தைரியம் இல்லை.

வரும் வழியில் ஊரணியில் இறங்கி, வேரிலிருந்த மண்ணை ஒரு பொட்டு விடாமல் கழுவினேன். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகச் செய்தது. இன்னொரு தடவை அந்த மண்ணை வீட்டுக்குள் கொண்டுபோகக்கூடாது என்று மட்டும் இருந்தது. இத்தனைக்கும் நம்பாதவள் நான். வேர் முழுக்க வெளுத்துப்போய், மொட்டையாகத் தெரிந்தது. அப்படிக் கழுவிய வேர் சித்திரை வெயிலில் பிழைக்காது. நானே வகுப்பில் நடத்துகிற பாடம். நட்டேன். பழைய மஞ்சள் துணியைச் சுற்றினேன். மணியைக் கட்டினேன். செத்த செடியை வெட்டி வெந்நீர் அடுப்பில் வைத்து எரித்தேன். அது எரியும்போது வீடு முழுக்க மாங்காய் வாசனை.

இரண்டு நாள் தாங்கும், அதற்குள் வேறு வழி யோசிக்கலாம் என்றுதான் நினைத்தேன். பிழைத்துக்கொண்டது. ஓர் இலை வாடவில்லை. ஆச்சி கண்டனூரிலிருந்து வந்ததும் நேரே தோட்டத்துக்குப் போனார். செடி முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என்னிடம் வந்து, "இனிமே பால் ஊத்த வேணாம் டீச்சர். தெருவுலயும் சொல்லிர்றேன்" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. நிம்மதியாக இருந்தது. கேட்டால் அந்த நிம்மதி போய்விடும் என்றும் தோன்றியது.

அடுத்த மழைக்காலத்தில் செடி பூத்தது. காய்க்கவில்லை. அதற்கு அடுத்த வருடமும் பூத்தது, காய்க்கவில்லை. இந்த இனத்தில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. முதலில் கொண்டுவந்தது பழம் பிடித்த பெண் செடி. அவசரத்தில் நான் தோண்டி வந்தது ஆண். அது ஆயுசுக்கும் காய்க்காது. ஆச்சி பூவைத் தொட்டுப் பார்த்து, "பூக்கத்தான் செய்யிது" என்பார். நான் அந்த இடத்தில் நிற்கமாட்டேன், அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று ஓடிவிடுவேன்.

எழுபது வாக்கில், ஒரு மத்தியானம், பின்வாசல் கதவை யாரோ தட்டினார்கள். நான்தான் திறந்தேன். முப்பத்தைந்து நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், கையில் தகரப்பெட்டியோடு நின்றார். ஒல்லி உடம்பு. வெயிலில் கறுத்த முகம். "ஆத்தா இருக்காகளா?" என்றார். அந்த வீட்டுப் பிள்ளைகள் தாயை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆச்சி வந்தார். அந்த மனிதர் ஆச்சி காலில் விழுந்தார். ஆச்சி குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார், தூக்கவில்லை. பிறகு, "எந்திரி தம்பி. சாப்புட்டியா?" என்று கேட்டார்.

தெருவே திரண்டு வந்தது. சாமி கொண்டுவந்து சேர்த்துவிட்டது என்றார்கள். கொழுந்தனார் மட்டும் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து துருவித் துருவிக் கேட்டார். தகப்பனார் எந்த நோயில் போனார், யார் கொள்ளி வைத்தது, கடைசிக் கடிதத்தில் என்ன எழுதியிருந்தது, எல்லாவற்றுக்கும் வந்தவரிடம் பதில் இருந்தது. பதில் சொல்லும்போது அவர் கண் கலங்கியதும் பொய்யில்லை. கொழுந்தனார் கடைசியில் அவரைக் கட்டிக்கொண்டார்.

எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. பர்மாவில் நடந்ததெல்லாம் அவருக்குத் தெரிந்தது. அதற்கு முன்னால், இந்த வீட்டில் நடந்ததைக் கேட்டால், "ரொம்ப வருசமாச்சுல்ல" என்று சிரிப்பார். பதினேழு வயதுவரை ஓடித் திரிந்த வீட்டில், எந்த அறைக்கு எந்த வழி என்று ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்தார். ஆச்சி மகனோடு அங்கே கூட இருந்த ஆள், அவன் பேசப் பேசக் கேட்டிருந்த ஆள், கடைசியில் அவனை எடுத்துப் புதைத்த ஆள் இவராக இருக்குமோ என்று எனக்கு ஓடும். உடனே என்னை நானே திட்டிக்கொள்வேன். அந்த நாட்டில் என்ன பட்டாரோ, மறந்திருக்கும்.

ஒரு நாள் நான் பள்ளிவிட்டு வந்தபோது, அவர் தோட்டத்தில் செடியைக் கவாத்து செய்துகொண்டிருந்தார். வெறுங்கை. முழங்கைவரை பிசின் வழிந்து பிசுபிசுத்தது. துண்டால் துடைத்துவிட்டு அதே துண்டால் முகத்தையும் துடைத்துக்கொண்டார். நான் மூன்று நாள் அவர் கையையும் முகத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு தடிப்பு இல்லை. வெட்டிப்போட்ட கிளையை அள்ளிய எனக்கு ஒரு வாரம் அரித்தது. வயது ஏற ஏறத் தோல் மாறும், சிறுவயதில் ஆகாதது பின்னால் ஒத்துக்கொள்வதும் உண்டு. அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த மூன்று நாளும் நான் சரியாகத் தூங்கவில்லை.

அந்தச் சித்திரையில் ஆச்சி மாங்காய் வாங்கிவரச் சொன்னார். பறித்த காம்பில் பால் காயாத பச்சை மாங்காய். தானே அரிவாள்மனையில் கீறி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவி, வந்தவரின் இலையில் வைத்தார். அவர் ரசித்துச் சாப்பிட்டார். இன்னும் இரண்டு துண்டு கேட்டு வாங்கினார். ஆச்சி பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மகனுக்கு மாங்காய் ஆகாது என்று எனக்குச் சொன்னதே ஆச்சிக்கு மறந்துபோய்விட்டது, பாவம், வயசாகிறது என்று நினைத்தேன். முட்டாள்.

அதற்கப்புறம் எனக்குள் ஒரு புழு. நான் செடியை மாற்றாமல் இருந்திருந்தால் ஆச்சி சொன்ன சொல்படி அந்த மூன்று வயதுப் பிள்ளையைக் கூட்டியிருப்பார். அது இந்நேரம் இந்த முற்றத்தில் ஓடிக்கொண்டிருக்கும். என் ரோஷத்தால் ஒரு பொய்ச் செடியை நட்டு, அதை நம்பி அவரைக் காத்திருக்க வைத்து, முன்பின் தெரியாத ஒரு மனிதருக்கு வீட்டுக் கதவையும் நானே திறந்துவிட்டேன். இதைச் சொல்லவேண்டும், சொல்லவேண்டும் என்று இரண்டு வருடம் ஓட்டினேன். தைரியம் வரவில்லை. பிறகு வீட்டுக்காரருக்கு மதுரைக்கு மாற்றல் ஆனது. வீட்டைக் காலி செய்யவேண்டும். இனிச் சொல்லாமல் போனால் நான் மனுஷியே இல்லை என்று ஆகிவிட்டது.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, மாசி மாதம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆச்சியைத் தேடி உள்கட்டுக்குப் போனேன். வந்தவர் கூடத்தில் இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆச்சி பூசையறையில் இருந்தார். ஓர் அகல் விளக்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். திருக்கோஷ்டியூர் விளக்கு என்று பார்த்ததுமே தெரிந்தது, எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்திருக்கிறது. அங்கே மாசித் தெப்பத்தின்போது குளத்தங்கரையெல்லாம் விளக்கேற்றுவார்கள். வேண்டுதல் உள்ளவர்கள் அதில் ஒன்றை வீட்டுக்கு எடுத்துவந்து பூசையில் வைத்துக்கொள்வார்கள். வேண்டியது நடந்துவிட்டால் அடுத்த தெப்பத்துக்குக் கொண்டுபோய் ஏற்றி, அங்கேயே விட்டுவிட்டு வரவேண்டும். வைத்துக்கொள்ளக்கூடாது.

ஆச்சி அதை மகனுக்காக எடுத்துவந்தார் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டியதில்லை. அவருக்கு வேறு வேண்டுதலே கிடையாது. மகன் வந்து இது மூன்றாவது மாசி. ஊர் முழுக்கத் தெப்பத்துக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறது. சொல்ல வந்ததை ஒரு நிமிடம் மறந்துவிட்டு, எப்போதும்போல வாயைக் கொடுத்தேன்.

"என்ன ஆச்சி, வெளக்க இன்னும் கொண்டுபோய்ச் சேக்கலையா? வச்சிருக்கக் கூடாதுல்ல?"

ஆச்சி திரியை நிமிண்டி விட்டு, விளக்கைப் பழைய இடத்திலேயே வைத்தார். குரலைத் தாழ்த்தவும் இல்லை, உயர்த்தவும் இல்லை.

"அது எம்புள்ள வந்தப்பறம்ல டீச்சர் சேக்கணும்."

கூடத்தில் இலையில் சோறு பிசையும் சத்தம் கேட்டது. நான் சொல்ல வந்த ஒன்றையும் சொல்லவில்லை. பால் ஊற்ற வேண்டாம் என்றதும், மாங்காயைக் கீறி வைத்ததும் அப்போதுதான் எனக்குப் புரிந்தன. ஆச்சி எழுந்து சோற்றுச் சட்டியை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். "தம்பி, இன்னுங் கொஞ்சம் சோறு வைக்கவா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்தார். அவர் தலையில் ஒட்டியிருந்த ஏதோ தூசியைப் புறங்கையால் தட்டிவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்களும் உக்காருங்க டீச்சர், ஒரு வாய் சாப்புட்டுப் போவீக" என்றார். இன்னொரு இலை போட்டார். நான் உட்கார்ந்தேன். வந்தவர் தன் முன்னாலிருந்த தண்ணீர்ச் செம்பை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, தலையைக் குனிந்து சாப்பிட்டார்.